காது வைத்துக் கேட்டவர்கள்: எமது பக்கத்துப் பழைய லொறிகளின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலை விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த ஒரு விசயத்திலிருந்து தொடங்குகிறோம். ஆனால் சொல்ல வந்தது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. கிண்ணியா, மூதூர், தோப்பூர், கந்தளாய், சீனக்குடா என்று இந்தத் துறைமுக மாவட்டம் முழுவதுக்கும் உரிய ஒரு வரலாறு. அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாங்கள் கண்டதில்லை.

எங்களிடம் ஒரு பழைய இசுசு எல்ஃப் லொறி இருக்கிறது. வாப்பா வாங்கியது. இப்போது தம்பி ஓட்டுகிறார். நெல், மணல், கல், கல்யாண வீட்டுக் கதிரை, சில நேரம் வீடு மாறுபவர்களின் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதில்தான் போகும். மூன்று குடும்பத்தின் அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. சென்ற மாதம் அதன் எஞ்சினில் ஒரு சத்தம் தொடங்கியது. ‘டொக்... டொக் டொக்... டொக்’ என்று, கதவை யாரோ தட்டுவதைப் போல. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது கூடுதலாகக் கேட்கும். அக்சிலேட்டரை மிதித்தால் குறையும்.

ஒரு கராஜில் காட்டினோம். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, “பிக் என்ட் பெயாரிங் போயிட்டுது. எஞ்சின் இறக்கோணும், கிராங் கடையோணும். ஆறு இலட்சம் அளவில வரும்” என்றார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்தாவின் நகையை அடகு வைப்பதா, லொறியை இரும்புக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியும் இளையவனைப் போலக் கத்தாருக்குப் போவதா என்று பேச்சு அந்த அளவுக்குப் போனது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், எங்கள் ஊரில் எஞ்சினுக்குக் காது கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பாஸ் என்ற சொல்

நாம் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்கிறோம். மேசன் பாஸ், தச்சு பாஸ், மோட்டார் பாஸ். சிங்களச் சகோதரர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இது ஆங்கிலத்திலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். அவர்களின் மொழியில் எசமான், தொழிலில் தலைவர் என்று பொருள். திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் வைத்திருந்தார்கள். 1795ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறியது, பெயர் பிரெட்ரிக் கோட்டை என்று மாறியது, ஆனால் பாஸ் என்ற சொல் மட்டும் எங்கள் வாயில் தங்கிவிட்டது.

ஆங்கிலேயருக்கு இந்தத் துறைமுகம் கடற்படைத் தளம். கப்பல் வந்தால் பழுது பார்க்கப் பட்டறை வேண்டும், பட்டறைக்குக் கை வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் சிங்கப்பூர் விழுந்த பிறகு இந்தத் தளத்தின் பெறுமதி பல மடங்கு கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவில் இன்றும் வரிசையாக நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் அந்தக் காலத்தின் சாட்சி.

கடற்படை, விமானப்படை, இராணுவம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் லொறி இல்லாமல் எதுவும் நடக்காது. அந்தக் கால ஆங்கில இராணுவ லொறிகளில் முக்கியமானது பெட்போர்ட். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931ல் முதல் பெட்போர்ட் லொறி வெளிவந்தது. யுத்த காலத்தில் மட்டும் சுமார் 250,000 பெட்போர்ட்டுகள் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்ததும் இப்படியான இராணுவ லொறிகள் பல நாடுகளில் ஏலத்துக்கு வந்தன. வண்டி மாடு கட்டியவர்கள் லொறி ஓட்டக் கற்றுக்கொண்ட காலம் அது.

1957ல் திருகோணமலைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரர் கப்பலேறினார்கள். தளத்துப் பட்டறைகளில் ஸ்பெனர் பிடித்த கைகள் இங்கேயே இருந்தன. எங்கள் மூத்தாப்பா சொல்லுவாராம், அந்தக் காலத்தில் நல்ல பாஸ் ஒருவரைப் பற்றி விசாரித்தால், “அவர் டொக்கியார்டில தொழில் படிச்சவர்” என்பார்களாம். அதற்கு மேல் சான்றிதழ் தேவைப்படவில்லை.

பெட்போர்ட் காலம்

1958ல் பெட்போர்ட்டின் ஜே வரிசை வந்தது. முன்னுக்கு மூக்கு நீண்ட லொறி. எங்களில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் சிறு வயதில் அதைப் பார்த்திருப்பார்கள். மலைநாட்டில் மரக்கறி ஏற்றியதும் அதுதான், எங்கள் பக்கம் நெல் ஏற்றியதும் அதுதான். மூத்தாப்பாவும் பங்காளி ஒருவரும் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். ஆறு சிலிண்டர் டீசல். தலாட்டு மேளம் போல ஒரே தாளத்தில் ஓடும் என்று வாப்பா இன்றும் சொல்லுவார்.

1970களில் நிலைமை மாறியது. அந்நியச் செலாவணி இல்லையென்று அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. புது லொறி கிடையாது, உதிரிப்பாகமும் இலேசில் கிடையாது. அப்போதுதான் பாஸ்மார் உண்மையில் பாஸ்மார் ஆனார்கள். ஒரு எஞ்சினைச் சும்மா கழற்றிப் பார்க்க முடியாது. கழற்றினால் கெஸ்கட் போகும், மாற்றுக் கெஸ்கட் கிடைக்காது. ஆகவே கழற்றாமலே நோயைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே வழி காது.

நீண்ட ஸ்குரு டிரைவர் ஒன்றை எடுப்பார்கள். நுனியை எஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டி வைப்பார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று கதைத்தால் ஏச்சு விழும். பிரான்ஸில் லாயெனெக் என்ற வைத்தியர் 1816ல் கடதாசியைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அதுதான் இன்றைய ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். எங்கள் பாஸ்மார் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் செய்த வேலை ஒன்றுதான்: உடம்பைத் திறக்காமல் உள்ளே நடப்பதைக் கேட்பது.

சத்தத்தை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் குடும்பத்தில் கதை இருக்கிறது. 1974 அறுவடைக் காலத்தில் மூத்தாப்பாவின் பெட்போர்ட்டில் அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டது. “இந்த நடையை முடிச்சிட்டுப் பார்ப்போம்” என்றார்களாம். அந்த நடையில், கிண்ணியாத் துறையில் பாதைக்கு வரிசையில் நின்று முன்னேறும்போது கொனெக்டிங் ரொட் உடைந்து எஞ்சின் உடம்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. ஒயில் எல்லாம் நிலத்தில். அன்றிரவு மழை. ஏற்றியிருந்த நெல் அடுத்தவருடையது. அந்தக் கடனை அடைக்க மூத்தும்மாவின் வயல் பங்கு போனது. பங்காளித்தனமும் அத்தோடு முடிந்தது.

ஆகவே எங்கள் வீட்டில் ‘டொக்’ என்ற சத்தம் வெறும் சத்தமல்ல.

டீசல் ஏன் தட்டுகிறது?

பாடசாலையில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: “சேர், கார் அமைதியாப் போகுது, லொறி மட்டும் ஏன் கடகடவென்று சத்தம் போடுது?”

ருடொல்ப் டீசல் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1892ல் தன் எண்ணத்துக்குக் காப்புரிமை கேட்டார். 1897ல் அவுக்ஸ்பூர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. பெற்றோல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் பிளக் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினாறு, இருபது மடங்கு வரை நெருக்கினால் அது 500 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றும். பீச்சுவதற்கும் பற்றுவதற்கும் இடையில் கண்சிமிட்டும் நேரத்தை விடக் குறைந்த ஒரு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் சேர்ந்த எண்ணெய் ஒரே தடவையில் பற்றுவதால்தான் அந்தத் தட்டல். அது டீசலின் இயல்பான குரல். நோய் அல்ல. இந்தக் குரலுக்குள் புதிதாக ஒரு குரல் சேரும்போதுதான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. மேலும் கீழும் போகும் பிஸ்டனின் அசைவைச் சுற்றாக மாற்றுவது கிராங். இந்தக் கிராங்கின் பழைய வரலாற்றில் எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு பெயர் அல்ஜசரி. தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகி அரசர்களிடம் பணிபுரிந்தவர். 1206ல் அவர் எழுதி முடித்த இயந்திர நூலில், சுற்றும் அசைவை முன்பின் அசைவாக மாற்றி இரண்டு உருளைகளால் நீர் இறைக்கும் பம்ப் ஒன்று விளக்கப்பட்டிருக்கிறது. இன்று எங்கள் முற்றத்தில் நிற்கும் எல்ஃபின் வயிற்றுக்குள் நடப்பதும் இதே அசைவின் மறுபக்கம்தான்.

எல்ஃபும் பாதையும் யுத்தமும்

1977ல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் வாகனங்கள் வெள்ளமாக வந்தன. இசுசு எல்ஃப் ஜப்பானில் 1959லேயே தொடங்கியது. எங்களுக்கு அது பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடிந்து ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் வந்தது. இந்தியாவிலிருந்து டாட்டாவும் அசோக் லேலண்டும் வந்தன. 1980ஐ ஒட்டிச் சீனக்குடாவில் பிரீமா மா ஆலை, பிறகு சீமெந்து ஆலை. ஏற்றுவதற்குச் சாமான் இருந்தது. பெட்போர்ட் மெல்ல மெல்ல ஓரமாகியது. அதைச் செய்த கம்பனியும் 1980களின் பிற்பகுதியில் பெரிய லொறி செய்வதை விட்டுவிட்டது.

ஆனால் எங்கள் பக்கம் ரோட்டு அப்படியே இருந்தது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். இளைய தலைமுறைக்கு ஒரு சொல்: இங்கே பாதை என்பது ரோட்டு அல்ல. வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்த்த மிதவை. பாதையில் ஏறும்போது லொறிகள் முதல் கியரில் மெதுவாக முனகிக்கொண்டு ஏறும். கரையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சாரதிமார், வருவது யாருடைய லொறி, அதற்கு என்ன வருத்தம் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்கள். வாப்பாவும் அதில் ஒருவர். பாதைத் துறைகள் எங்கள் சாரதிமாரின் பல்கலைக்கழகம்.

பிறகு யுத்தம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை செய்யப்பட்டபோது, அங்கே பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கள் மாவட்டத்திலும் கட்டுப்பாடில்லாத பகுதிகளுக்கு எரிபொருள், சீமெந்து, பற்றரி எல்லாவற்றுக்கும் அனுமதி, சோதனைச் சாவடி, வரிசை. மண்ணெண்ணெய் விலை குறைந்திருந்த காலங்களில் டீசலோடு அதைக் கலக்கும் பழக்கமும் நாடெங்கும் இருந்தது. மண்ணெண்ணெய்க்கு டீசலைப் போல வழுக்கும் தன்மை இல்லை. பம்பும் நொசிலும் தேயும், எஞ்சின் குரல் மாறும். அந்தக் காலத்துப் பாஸ்மார் சத்தத்தைக் கேட்டே “என்ன ஊத்தின?” என்று கேட்பார்கள். பொய் சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26ல் கடல் வந்தபோது பல லொறிகள் உப்பு நீரில் மூழ்கின. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், லொறியும் உழவு இயந்திரமும் கிடைத்தவர்கள் ஏறினார்கள். அந்த நாட்களில் ஒரு எஞ்சின் பாதி வழியில் நிற்காமல் இருப்பது ஒரு குடும்பத்தின் உயிர். இதைப் படிக்கும் பலருக்கு அது நினைவிருக்கும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி நிதியத்தின் கடனுதவியோடு திறக்கப்பட்டது. அடுத்த சில வருடங்களில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. அல்ஹம்துலில்லாஹ், பெரிய நிம்மதி. கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டு இரவில் பாதைக்குக் காத்து நின்ற காலம் போனது. பாதையோடு அந்தக் கரைப் பேச்சும் போனது. அங்கே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்குப் பதிலாகப் புதிய காதுகள் வளரவில்லை.

ஏன் இன்னும் பழைய லொறி?

“இன்னும் ஏன் இந்தப் பழசைக் கட்டி அழுகிறீர்கள்?” என்று வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் கேட்கிறார்கள். காரணம் எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றோம். பிறகு கியூஆர் அட்டை வந்தது. 2025ல் இறக்குமதி திறக்கப்பட்டாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது லொறி எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டாது. 1970களில் எங்கள் மூத்தாப்பாமார் நின்ற அதே இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். ஒரு வித்தியாசம், அவர்களிடம் காது இருந்தது.

எங்கள் முற்றத்தில்

இப்போது எங்கள் எல்ஃபுக்கு வருவோம். கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானப் பாடத்தைக் கற்பிக்கச் சொல்லித் தந்தபோது ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று. ஆறு இலட்சம் கொடுக்க முன் ஒரு நாள் இந்த விதியைப் பாவித்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். பழைய லொறி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்ததை வரிசையாக எழுதுகிறோம்.

முதலாவது, எப்போது கேட்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். காலையில் குளிரில் கூடி, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் தளர்வாக இருக்கலாம், அல்லது சைலன்சர் பக்கம் புகை கசியலாம். சூடான பிறகு, பாரம் ஏற்றி இழுக்கும்போது கூடினால் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எங்களுடையது இரண்டிலும் சேரவில்லை. சும்மா நின்று ஓடும்போதுதான் கூடியது.

இரண்டாவது, ஒயில். பெயாரிங் தேய்ந்தால் சூடான எஞ்சினில் ஒயில் அழுத்தம் விழும், சிவப்பு விளக்கு மினுங்கும். எங்களுக்கு மினுங்கவில்லை. ஒயிலை வடித்து, பில்டரை வெட்டிக் கடதாசியை விரித்துப் பார்த்தோம். பளபளக்கும் உலோகத் தூள் இல்லை. அப்போதே மனது கொஞ்சம் ஆறியது.

மூன்றாவது, சத்தத்தின் தாளம். நாலு அடி எஞ்சினில் கிராங் இரண்டு தடவை சுற்றும்போது வால்வைத் திறக்கும் கெம் ஒரு தடவைதான் சுற்றும். நிமிடத்துக்கு 600 சுற்றில் எஞ்சின் நின்று ஓடினால், கிராங் வினாடிக்கு 10 தடவை, கெம் 5 தடவை. டெப்பட் சத்தம் மேலே, மெல்லியதாக, பாதி வேகத்தில் வரும். அடியில் வரும் தட்டல் வேறு தாளம். எங்கள் சத்தம் எதிலும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. விட்டு விட்டு வந்தது.

நான்காவது, நொசில் குழாய்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரின் குழாய் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. பிக் என்ட் தேய்ந்திருந்தால், அல்லது நொசில் பழுதாக இருந்தால், அந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது தட்டல் அடங்கும் அல்லது நன்றாக மாறும். நாலையும் பார்த்தோம். எதிலும் மாற்றமில்லை. கவனம்: அந்தக் குழாயில் டீசல் நூறு வளிமண்டலத்தை விடக் கூடிய அழுத்தத்தில் பாய்கிறது. தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே வெட்ட வேண்டி வரலாம். தடித்த துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டு, தெரிந்தவர் ஒருவரோடு மட்டும் செய்யுங்கள். இளம் பிள்ளைகள் தனியே முயற்சிக்க வேண்டாம்.

ஐந்தாவது, கிளச்சை மிதித்துப் பார்த்தோம். சத்தம் மாறினால் பின்பக்கம், அதாவது கிளச் அல்லது கியர்பொக்ஸ். மாறவில்லை.

ஆறாவது, பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினோம். பெல்ட் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பம்ப் சுற்றாது, பிரேக்குக்குரிய வெக்கியூம் பம்பும் சுற்றாது. ஆகவே லொறியை நகர்த்தக் கூடாது, கூட நேரம் ஓட்டவும் கூடாது. சத்தம் நிற்கவில்லை, ஆனால் அதன் குணம் மாறியது! இன்னும் தளர்ந்து, பெரிதாகக் கேட்டது. தம்பியும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அப்போது வாப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். நாற்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்ததால் அவருக்கு இப்போது இரண்டு காதும் சரியாகக் கேட்காது. அதனால்தான் நாங்கள் அவரை அழைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் மனது நோகும் என்று நினைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் விறகுக் குவியலிலிருந்து ஒரு காய்ந்த தடியை எடுத்தார். ஒரு நுனியை எஞ்சினில் ஊன்றி, மறு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். காது கேளாவிட்டாலும் எலும்பு வழியே அதிர்வு உள்ளே போகும். விஞ்ஞானத்தில் நாங்களே படிப்பிக்கும் விசயம்தான், அந்த நேரத்தில் எங்களுக்கு ஓடவில்லை.

தடியை எடுத்துவிட்டு, “சத்தம் அடியில இல்ல மகன். முன்னுக்குத்தான் இரிக்கு. புல்லியப் பாருங்க” என்றார்.

எஞ்சினை நிறுத்தி, கிராங்கின் முன் நுனியிலுள்ள புல்லியைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினோம். ஆடியது. நட் தளர்ந்து, உள்ளே அதைப் பூட்டும் சிறிய இரும்புச் சாவி தேய்ந்து, புல்லி கிராங்கின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. நின்று ஓடும்போது கிராங்கின் சுற்று சீராக இல்லாததால் தட்டும். வேகம் கூடினால் சீராகி அடங்கும். பெல்ட்டின் இழுவை அதைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது. எல்லா அடையாளமும் பொருந்தியது. இன்னும் சில கிழமை ஓட்டியிருந்தால் கிராங்கின் நுனியே தின்னப்பட்டு, அந்த ஆறு இலட்சம் உண்மையாகியிருக்கும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த புல்லி ஒன்றும் புதுச் சாவியும் வாங்கினோம். பஸ் கூலியோடு 15,000 ரூபாவுக்குள் முடிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். தட்டல் இல்லை. வாப்பாவுக்கு அது கேட்காது. பொனட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நாம் செய்ய வேண்டியது

அந்தக் கராஜ்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புது வாகனங்களில் கணினியைச் செருகினால் பிழை என்னவென்று எழுத்தில் வரும். அவர்கள் படித்தது அது. எல்ஃபில் செருக இடமில்லை. ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டிய அவசரமும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

ஆனால் எங்கள் ஊர்களில் இன்னும் சில மூத்த பாஸ்மார் இருக்கிறார்கள். பலர் பள்ளிவாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். காது கேட்காது, கண் தெரியாது என்று நாமே அவர்களை ஒதுக்கிவிட்டோம். எங்கள் வாப்பாவை நாங்கள் அழைக்காததைப் போல. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013லிருந்து இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் ஒரு பழைய எஞ்சினோடும் ஒரு மூத்த பாஸோடும் உட்கார வைத்தால் என்ன? அடுத்த தவணையில் எங்கள் பாடசாலையில் அதிபரின் அனுமதியோடு இதைச் செய்து பார்க்க இன்ஷா அல்லாஹ் எண்ணியிருக்கிறோம். எங்கள் எல்ஃபை நாங்களே கொண்டு வருவோம்.

லொறித் தொழிலிலுள்ள தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: காதைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது காதடைப்பான் போடுங்கள். கேட்கப் பழகியவர்களே கடைசியில் கேளாமல் போவதை எங்கள் வீட்டில் பார்க்கிறோம்.

பெட்போர்ட் காலத்துப் படங்கள், பாதையில் லொறி ஏறும் படங்கள், டொக்கியார்டில் வேலை செய்தவர்களின் கடதாசிகள் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெரியவர்களிடம் கேட்டு, திகதியையும் இடத்தையும் பின்னால் எழுதி வையுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்.

தம்பி நாளை காலை தோப்பூருக்கு நெல் ஏற்றப் போகிறார். துஆச் செய்துகொள்ளுங்கள்.